மாரிக்குக் கலக்குங்கள், கச்சானுக்கு ஊற்றுங்கள்: பீட் சாடிக்கலவை பற்றி ஓர் அறிமுகம்

சாடியில் வைத்த மிளகாய் வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். அதற்கும் எழும்பாவிட்டால் பசளை போடுகிறோம். திருகோணமலையில் மார்கழி மாதத்தில் வாடி நிற்கும் செடிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே தேவைப்படுவதில்லை. சாடியைச் சரித்து, செடியை மெல்லக் கழற்றி, வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிகள் கபில நிறமாகிக் கிடக்கும். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும்; நடுவிலுள்ள மெல்லிய நரம்பு மட்டும் தொங்கும். அந்த வேர் மூச்சுமுட்டிச் செத்துவிட்டது. தண்ணீர் சுற்றிவர இருந்தும் அதைக் குடிக்க வேர் இல்லாததால்தான் இலை வாடியது.

வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். அது துணிக்கைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் வழியாகத்தான் வேருக்குப் போய்ச் சேர்கிறது. அந்த இடைவெளிகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால், ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதை விட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். ஆகவே சாடிக்கலவை ஒன்றைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, நன்றாக நனைத்து வடிந்த பிறகும் அதற்குள் எவ்வளவு காற்று மிஞ்சும் என்பதுதான். எவ்வளவு சத்து இருக்கிறது என்பது பிறகு பார்க்க வேண்டியது. சத்தை எப்போது வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றை ஊற்ற முடியாது.

தரையில் நல்ல மண் சாடியில் ஏன் கெடுகிறது

கந்தளாய்ப் பக்கத்துச் செங்கபில மண்ணில் கத்தரி கொட்டோ கொட்டென்று காய்க்கிறது. அதே மண்ணை ஒரு சாக்கில் அள்ளி வந்து நகரத்து மேல்மாடியில் சாடிக்குள் போட்டால் சில வாரங்களில் இறுகிக் கல்லாகிவிடுகிறது. மண்ணில் குற்றமில்லை. தரையில் மழைத்தண்ணீர் கீழே கீழே இழுபட்டுப் போகிறது, ஏனென்றால் அதற்கு அடியிலும் மண் தொடர்ந்து இருக்கிறது. சாடியில் அந்தத் தொடர்ச்சி அடித்துளையோடு அறுந்துவிடுகிறது. துளைக்குக் கீழே வெறும் காற்றுத்தான். நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பலம் புவியீர்ப்பை விடக் கூடியதாக இருக்கும் மட்டும், அந்தத் தண்ணீர் விழாமல் அடியில் தேங்கி நிற்கும். எந்தச் சாடியிலும் இப்படி ஊறிய படை ஒன்று உண்டு.

இதிலே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஈரப்படையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துணிக்கைப் பருமன். துணிக்கை நுண்ணியதானால் படை உயரம்; பருமனானால் படை தாழ்வு. சாடியின் உயரம் இதை மாற்றாது. ஒரே கலவையைப் பத்துச் சென்ரிமீற்றர் உயரத் தட்டிலும் முப்பது சென்ரிமீற்றர் உயரச் சாடியிலும் போட்டால், தட்டில் பாதி சேறாக இருக்கும்போது சாடியில் அடிப்பகுதி மட்டும் சேறாக இருக்கும். வீட்டில் பாத்திரம் கழுவும் பஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். பஞ்சு அதே பஞ்சுதான். உயரம் கூடியதால் மேலே இருந்த தண்ணீர் இறங்கிவிட்டது. உயரமான சாடி ஏன் மாரியில் செடியைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சாடியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். நடப்பது வேறு. கல்லுக்கு மேலே அந்த ஈரப்படை அப்படியே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு மிஞ்சிய இடம்தான் குறையும். துளையை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும், அதுவும் கலவை கொட்டாமல் இருப்பதற்காக.

பீட் என்பது என்ன

வட ஐரோப்பா, கனடா போன்ற குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பக்னம் என்ற பாசி பாய்போலப் படர்ந்து வளர்கிறது. மேலே வளர்ந்துகொண்டே போக, அடிப்பகுதி செத்துத் தண்ணீருக்குள் அமிழ்கிறது. அங்கே ஒட்சிசன் இல்லை, அமிலம் கூட, குளிரும் கூட. அதனால் செத்த பாசி முழுதாக உக்காமல் படிந்து நிற்கிறது. அதுதான் பீட். இந்தப் படிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் உயரும். கையில் அள்ளும் ஒரு பிடிக்குள் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன.

ஸ்பக்னம் இலையில் பெரிய வெற்றுக்கலங்கள் உண்டு, பக்கங்களில் துளையோடு. உயிரோடு இருக்கும்போது தண்ணீரைச் சேமிக்க அமைந்த கலங்கள் அவை. பாசி செத்த பிறகும் அந்தச் சுவர்கள் குலைவதில்லை. நல்ல பீட் தன் உலர்நிறையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டும், அதே நேரம் துணிக்கைகளுக்கு இடையே காற்றை விட்டுக்கொண்டும் இருப்பது இதனால்தான். போதாததற்கு அதில் களைவிதை இல்லை, நோய்க்கிருமி குறைவு, ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்று வளர்ப்பவர்கள் அதை விடமாட்டோம் என்று நிற்பதற்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடக்கும்.

1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம் வகுத்த சாடிக்கலவையில் ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு பருமணல் இருந்தன. 1960களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் மண்ணையே எடுத்துவிட்டுப் பீட்டோடு வேர்மிகுலைற் அல்லது பேர்லைற் என்ற, சூட்டில் பொரித்த கனிமத் துணிக்கைகளை மட்டும் கலந்தார்கள். இன்று கடையில் மூட்டையாக வரும் கலவைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

பீட்டுக்குக் குறைகளும் உண்டு. வெறும் பீட்டின் பி.எச். (அமில கார அளவு; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) 3.5 முதல் 4.5 வரை, காய்கறிக்கு அது கடும் அமிலம். சத்து என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய இல்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது. இந்த மூன்றுக்கும் கையில் வழி இருக்கிறது. நான்காவது குறைக்கு நம்மிடம் வழியில்லை: உலகத் தரைப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள பீட் சதுப்புகள், உலகத்துக் காடுகளிலுள்ள மரம் செடி எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதை விடக் கூடிய காபனை வைத்திருக்கின்றன. வெட்டி எடுத்துக் காயவிட்டால் அந்தக் காபன் காற்றோடு போய்விடும். திரும்ப உருவாக ஆயிரமாயிரம் ஆண்டு வேண்டும். கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெலச் சதுப்பிலும் பீட் உண்டு. அது அங்கேயே இருக்கட்டும். என் கருத்து இதுதான்: பீட்டை விதைத்தட்டுக்கும் சிறு கன்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாடியில் அதை ஒரு பங்காக மட்டும் சேருங்கள். குருநாகலும் புத்தளமும் கம்பஹாவும் தேங்காய் உரித்துத் தள்ளும் நாட்டில், மிச்ச இடத்தை நிரப்பத் தும்புத்தூள் இருக்கிறது.

நமது ஊரின் இரண்டு முகங்கள்

ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வடகீழ்ப் பருவமழை. கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்க விடாமல் பெய்யும். சாடி காய்வதற்கு இடைவெளியே கிடைக்காது. பிறகு வைகாசியிலிருந்து கச்சான் காற்று. மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும்போதே ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடாகி, புழுதியோடு வீசும். காலையில் நனைத்த சாடி மத்தியானத்துக்குள் இறகுபோல இருக்கும்.

புத்தகத்தில் சொல்லும் கலவைகள் இந்த இரண்டில் ஒன்றை மனதில் வைத்துச் சொன்னவை. ஈரம் பிடிக்கும் கலவை கச்சானுக்கு நல்லது, மாரியில் கொல்லும். வடியும் கலவை மாரிக்கு நல்லது, கச்சானில் தாகம் எடுக்கும். எந்தப் பக்கம் சாய்வது? நான் தயங்காமல் மாரிப் பக்கம் சாய்வேன். வடியும் கலவை கச்சானில் காய்ந்தால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டலாம், சாடியை நிழலுக்கு நகர்த்தலாம், மேலே தென்னோலைத் துண்டோ வைக்கோலோ பரப்பலாம். பிடிக்கும் கலவை மாரியில் ஊறினால் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. வானத்திலிருந்து விழுவதை யார் நிறுத்துவது?

மூட்டையைப் பார்த்து வாங்குவது

முதலில், கேட்டது கிடைக்கிறதா என்று பாருங்கள். நேர்சரிகளில் பீட் என்று கேட்டால் பல தடவை கையில் வருவது கட்டியாக அழுத்திய தும்புத்தூள். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் நடத்தை வேறு. தும்புத்தூள் செம்கபில நிறம், மணல்போலக் குருணை, ஊடே குட்டைத் தும்பு. உண்மைப் பீட் வைக்கோல் நிறத்திலிருந்து கறுப்புவரை இருக்கும். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால் பாசியின் சிறு காம்பும் செதில்போன்ற இலையும் கண்ணுக்குத் தெரியும்.

பீட்டிலேயே இளமையானதும் முதிர்ந்ததும் உண்டு. இளம்பீட் வெளிர் நிறம், நார்த்தன்மை கூட, காற்று கூட. முதிர்ந்தது கறுப்பு, நுண்மை, சேறாகும் குணம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் லென்னார்ட் வொன் போஸ்ட் 1920களில் இதற்கு எளிய சோதனை ஒன்றைத் தந்தார். இன்றும் அதுதான் அளவுகோல். ஈரப் பீட்டை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கால் தெளிந்த தண்ணீர் வந்தால் முதற்படி. பீட்டே சேறாக விரலிடுக்கால் பிதுங்கி வெளியேறி, கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் பத்தாம் படி. நமது மாரிக்கு முதல் மூன்று நான்கு படிக்குள் வருவதே வேண்டும். கறுப்புப் பீட் மலிவாகக் கிடைத்தாலும் சாடிக்கு வாங்காதீர்கள்.

மூட்டையில் பி.எச். 5.5 முதல் 6.5 என்று அச்சிட்டிருந்தால் சுண்ணாம்பு ஏற்கனவே சேர்த்திருக்கிறது, நீங்கள் சேர்க்கக் கூடாது. 3.5, 4 என்று இருந்தால் வெறும் பீட். 0–10 மில்லிமீற்றர் போன்ற எண் துணிக்கைப் பருமன். சிறிய எண் விதைத்தட்டுக்கு, பெரிய எண் சாடிக்கு. சிறு பொலித்தீன் பையில் பிரித்து விற்பதில் இந்த விபரம் ஒன்றும் இராது. அப்போது பெரிய மூட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் காட்டுவார்.

கலவையின் மற்றக் கூட்டாளிகள்

தும்புத்தூளின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை, காய்ந்தாலும் மறுபடி இலகுவாக நனையும். இந்த ஒரு குணத்துக்காகவே கச்சான் ஊரில் அதைப் பீட்டோடு சேர்க்க வேண்டும். பீட் மறுக்கும் தண்ணீரைத் தும்பு இழுத்துக் கொடுக்கும். ஆனால் உப்பு. மட்டையை உவர்நீரில் ஊறவைத்துத் தும்பு எடுத்திருந்தால் சோடியமும் குளோரைட்டும் நிறைந்திருக்கும். கட்டியை ஊறவைத்து, படங்கில் அல்லது துளைபோட்ட வாளியில் கொட்டி, நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவி வடியவிடுங்கள். கிணறு உவரான வீட்டில் இதை மழைத்தண்ணீரில் செய்ய வேண்டும். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் அறுபது எழுபது லீற்றராகப் பொங்கும். சிறிய வாளியில் தொடங்கினால் முற்றமெல்லாம் தும்பாகிவிடும்.

காற்றுக்கு வெளிநாட்டில் பேர்லைற் போடுகிறார்கள்; எரிமலைக் கண்ணாடியைக் கடும் சூட்டில் பொரித்த வெள்ளை உருண்டைகள். இங்கே அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் நெல் ஆலைகளில் உமி குவிந்து கிடக்கிறது. உமியைச் சாம்பலாகாமல், கறுத்த நிலையில் தண்ணீர் தெளித்து அணைத்தால் உமிக்கரி. ஒவ்வொரு உமியும் படகுபோல வளைந்த வடிவத்திலேயே கரியாகி நிற்கும். அந்த வளைவுதான் காற்றைப் பிடித்துவைக்கும் அறை. கையில் எடுத்துக் கசக்கும்போது வடிவம் உடைந்து தூளாகிவிட்டால் அளவுக்கு மிஞ்சி எரித்துவிட்டார்கள். உமிக்கரி சற்றுக் காரத்தன்மை உள்ளது, பீட்டின் அமிலத்தை அது கொஞ்சம் தணிக்கும். சாம்பலாய்ப் போனதில் காரம் கூட, அதை வேண்டாம் என்று விடுங்கள்.

மணலைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நுண்மணல் காற்றைக் கூட்டாது. பீட்டின் இடைவெளிகளில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு வாளி பீட்டையும் ஒரு வாளி மணலையும் கலந்து பாருங்கள், இரண்டு வாளி வராது. குறைந்துபோன அளவுதான் நீங்கள் இழந்த காற்று. சாம்பல்தீவு அக்கா ஒருவர் என் கலவையைக் கிளறிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்குள்ள மண்ணே இல்லையே, செடி எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்?” என்று கேட்டார். “வேர் தும்பைப் பிடிச்சு நிக்கும் அக்கா. காத்துக்குச் சாடி சரியாம இருக்கத்தான் மணல்” என்றேன். உலர்ந்த பீட் ஒரு லீற்றர் நூறு கிராம் அளவுதான் இருக்கும். மேல்மாடியில் இடுப்பளவு வளர்ந்த மிளகாயைக் கச்சான் ஒரே தள்ளில் சாய்த்துவிடும். ஆகவே பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு, பாரத்துக்காக. மூதூர்ப் பக்கம் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் மணலை அரித்து, அரிதட்டில் மிஞ்சும் பருமணலை எடுங்கள்.

கடற்கரை மணல் வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம் என்றாலும் அதற்குள் சிப்பித்தூள் இருக்கும். ஒரு கரண்டி மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. அது மெல்ல மெல்லக் கரைந்து கலவையின் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும், இலை மஞ்சளாகும், காரணம் பிடிபடாது.

கூட்டெரு நன்றாக உக்கி, மண் மணத்தோடு, சூடு ஆறியிருக்க வேண்டும். கால்பங்குக்கு மேல் சேர்த்தால் இறுகும், உப்பும் கூடும். பச்சைச் சாணி வேரை எரிக்கும். புது மரத்தூள் உக்கும்போது செடிக்குரிய நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும். இவை இரண்டையும் தவிருங்கள்.

கலக்கும் நாள்

அளப்பதெல்லாம் கொள்ளளவில்தான், நிறையில் அளக்கக் கூடாது. ஒரே வாளி, சின்ன அளவென்றால் ஒரே சிரட்டை. எதையும் அழுத்தி நிரப்பாதீர்கள்.

மிளகாய், தக்காளி, கத்தரி வைக்கும் பெரிய சாடிக்கு நான் சொல்வது: பீட் இரண்டு பங்கு, கழுவிய தும்புத்தூள் மூன்று, உமிக்கரி இரண்டு, கூட்டெரு இரண்டு, பருமணல் ஒன்று. விதைத்தட்டுக்கு: அரித்த பீட் இரண்டு பங்கு, உமிக்கரி ஒன்று, வேறொன்றும் வேண்டாம். விதைக்குள்ளேயே முதல் நாட்களுக்கு வேண்டிய சாப்பாடு இருக்கிறது. எருவைப் போட்டால் நாற்றழுகலுக்கு வழி திறந்துவிடுவீர்கள். பெரும்போகத்தோடு கன்று நடுவதானால் இந்தத் தட்டை ஆவணி புரட்டாதியிலேயே போட வேண்டும். அந்தூரியத்துக்கும் ஓர்க்கிட்டுக்கும் பீட்டே தேவையில்லை, மட்டைத் துண்டும் கரித்துண்டும் போதும். போகன்வில்லாவுக்கு மணலையும் உமிக்கரியையும் கூட்டி எருவைக் குறையுங்கள்.

முதலில் பீட்டை நனைக்க வேண்டும். உலர்ந்த தூளைக் கிளறினால் பறக்கும், அதை மூச்சில் இழுப்பது நெஞ்சுக்கு நல்லதல்ல. படங்கில் கொட்டி, மேலே தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டை உருண்டையாக ஓடித் திரியும், உள்ளே போகாது. இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுங்கள். ஒரு வாளிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள், ஒன்றே ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையால் பிசைந்து, மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் நிறம் கறுத்துப் பாரமாகியிருக்கும். ஒரு பிடி பிழிந்தால் இரண்டு மூன்று துளி மட்டும் விரலிடுக்கில் தோன்ற வேண்டும். ஒழுகினால் ஈரம் கூட. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

அடுத்தது சுண்ணாம்பு. வெறும் பீட்டுக்கு லீற்றருக்கு மூன்று முதல் ஐந்து கிராம் டொலமைற். அதில் கல்சியமும் மக்னீசியமும் இரண்டும் உண்டு. மேலே சொன்ன சாடிக்கலவையில் ஐந்தில் ஒரு பங்குதான் பீட், உமிக்கரியும் கூட்டெருவும் தாமே பி.எச்.சை ஏற்றும். ஆகவே பத்து லீற்றர் கலவைக்கு ஒரு தேக்கரண்டி, மட்டமாக. நமது கிணறுகளில் பல கடினநீர்க் கிணறுகள். கேத்திலின் அடியில் வெள்ளைப்படை கட்டுகிறதென்றால் உங்கள் கிணறும் அப்படித்தான். அந்தத் தண்ணீரே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊற்றுவதற்குச் சமம். அப்படியானால் டொலமைற்றை இன்னும் குறைக்கலாம். இதில் கூடக் கொடுப்பது குறையக் கொடுப்பதை விட மோசம்: பி.எச். ஏறினால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கலந்த பிறகு ஒரு வாரம் ஈரத்தோடு மூடி வையுங்கள். சுண்ணாம்பு வேலை செய்ய அந்த அவகாசம் வேண்டும்.

ஒரு சிறு விலக்கு. இலங்கைக்கே உரிய குடுவைச்செடி, நெப்பந்தெஸ், யாராவது வளர்த்தால் அதற்கு டொலமைற்றும் வேண்டாம், எருவும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். பீட், பருமணல், மழைத்தண்ணீர்.

காற்றை அளந்து பார்ப்பது

இதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். ஒரு சாடியின் அடித்துளைகளை ரேப்பால் ஒட்டி, தண்ணீர் ஊற்றி அதன் கொள்ளளவை அளந்துகொள்ளுங்கள். மூன்று லீற்றர் என்று வைப்போம். தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரக் கலவையை நிரப்பி, இரண்டு முறை தரையில் தட்டுங்கள். ஓரமாக மிக மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மேல்மட்டத்தில் தண்ணீர் மினுங்கும்வரை நிரப்பி, சற்று நேரம் விடுங்கள். பிறகு ஒரு பேசினுக்கு மேலே தூக்கிவைத்து ரேப்பை உரியுங்கள். சொட்டுவது நின்றதும் பேசினில் விழுந்ததை அளவுச்சாடியில் ஊற்றிப் பாருங்கள். விழுந்த தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. 450 மில்லிலீற்றர் விழுந்தால் மூன்று லீற்றரில் அது 15 சதவீதம். பத்துக்குக் கீழே போனால் நமது மாரிக்கு ஆகாது, உமிக்கரி இன்னொரு பங்கு சேருங்கள். பதினைந்து முதல் இருபதுவரை காய்கறிக்கு நல்லது. இருபத்தைந்துக்கு மேலே போனால் கச்சானில் உங்களுக்குத்தான் வேலை கூடும், தும்புத்தூளைச் சற்றுக் கூட்டலாம்.

நட்ட பிறகு

கலவையிலுள்ள கூட்டெருச் சத்து சில வாரம் தாங்கும். அதன்பிறகு பசளையை ஊற்ற வேண்டும். தண்ணீரில் கரைத்து ஊற்றும் அல்பேர்ட் கரைசல் என்ற பசளை எங்கும் கிடைக்கிறது. பையில் சொன்னதில் பாதி வலுவில் வாரம் ஒருமுறை தொடங்குங்கள். நாலைந்து முறைக்கு ஒருமுறை வெறும் தண்ணீரை அடியால் ஓடும்வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.

சாடிக்குத் தண்ணீர் தேவையா என்று மேற்பரப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பீட் மேலே காய்ந்து வெளிறி, உள்ளே ஈரமாக இருக்கும். சாடியைத் தூக்கிப் பாருங்கள், அல்லது ஒரு பக்கம் சரித்துப் பாருங்கள். நன்றாக நனைந்த பாரம் கைக்குப் பழகிவிட்டால் பிறகு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கச்சானில் ஒரு பொல்லாத ஏமாற்று நடக்கும். பீட் காய்ந்து சுருங்கி, சாடியின் சுவரிலிருந்து விலகி, ஒரு வெடிப்பு விழும். ஊற்றும் தண்ணீர் அந்த வெடிப்பால் இறங்கி உடனே அடியில் வந்துவிடும். நனைந்துவிட்டது என்று நாம் போய்விடுவோம்; நடுவில் வேர் இருக்கும் இடம் பொட்டு ஈரமில்லாமல் கிடக்கும். அப்படி ஒரு சாடியைக் கண்டால் மேலிருந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, சாடியைப் பாதிக்குமேல் அமிழும்படி வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். அரைமணி, சிலவேளை ஒரு மணி நேரம். தூக்கினால் பாரம் சொல்லும். வெடிப்பை விரலால் அழுத்தி மூடி, மேலே ஓலை பரப்பிவிடுங்கள்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று: சாடியை மதிலோரம் வைத்தால் மான் வந்து குருத்தைக் கடித்துவிட்டுப் போகும், கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும். மேல்மாடிக்கு ஏற்றிவிடுங்கள். இங்கே மணலின் ஒரு பங்கைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள், பாரம் தூக்க வேண்டுமே என்று. காற்று அங்கேதான் கூட, குறைக்காதீர்கள்.

நமது வெப்பத்தில் பீட்டும் எருவும் விரைவாக உக்கிவிடும். ஒரு வருடத்தில் சாடியின் மட்டம் இரண்டு மூன்று விரல்கடை இறங்கியிருக்கும். துணிக்கைகள் நுண்மையாகி, ஈரப்படை உயர்ந்திருக்கும். அதைக் கொட்டிவிடத் தேவையில்லை. செடி நோயில்லாமல் இருந்திருந்தால், பழைய கலவையைப் படங்கில் பரப்பி, வேரைப் பொறுக்கி, அரிதட்டில் அரித்து நுண்தூளை முற்றத்து மணலுக்குப் போடுங்கள். அரிதட்டில் மிஞ்சிய பருமனான பாதியோடு புதிதாக உமிக்கரியும் தும்புத்தூளும் சேர்த்துக்கொள்ளலாம், அவற்றின் பங்கு கூடுவதால் புதுப் பீட் அநேகமாக வேண்டியிராது. இந்த வேலையைப் புரட்டாதி முடிவதற்குள் செய்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் படங்கில் எதையும் உலர்த்த முடியாது.